சாவிக்கொத்து கேட்கும் வாசகம்

ஒரு கதையைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு முன் அதை முழுவதும் படித்திருக்க வேண்டும். விமரிசகனுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கடமை இதுதான். இந்தக் கட்டுரையில் நான் விமரிசிக்கப் போகிற எழுத்து மொத்தம் இரண்டே வாக்கியம். ஆசிரியர் பெயர் கிடையாது. எண்ணற்ற பேர் கண்ணில் அது பட்டிருக்கிறது. நின்று படித்தவர்கள் மிகச் சிலர்தான் இருப்பார்கள். நானும் படிக்காதவர்களில் ஒருவன். படிக்காமலே அதைப் பற்றி இன்னொருவருக்கு அபிப்பிராயமும் சொன்னேன். அதன் விளைவை முதலில் சொல்லிவிட்டு விமரிசனத்துக்கு வருகிறேன்.

கரையான்சாவடியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பிய மாக் கம்ப்யூட்டர் அவரிடம் உண்டு. நான் ரிச்சி தெருவில் பழையதாக வாங்கிய மாக் ஒன்றில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆகவே கம்ப்யூட்டர் சம்பந்தமான எல்லாச் சந்தேகங்களுக்கும் அவர் என்னைத்தான் கேட்பார். கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. இருந்தாலும் வாத்தியார் ஒருவர் நம்மிடம் பாடம் கேட்கிறார் என்றால் அதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தானே செய்கிறது?

ஒரு சாயங்காலம் மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது.

"தம்பி, கம்ப்யூட்டர் என்னமோ பாஸ்வேர்டு கேக்குது. குடுக்கலாமா?"

நாவலில் ஒரு அத்தியாயத்தின் நடுவில் இருந்தேன். தலையைத் தூக்காமலே பதில் சொன்னேன்.

"எனக்கும் அடிக்கடி வரும் சார். குடுத்துடுங்க. ஒண்ணும் ஆகாது."

அவர் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் அவருடைய மெயில் அவருக்கே திறக்கவில்லை. அதிலிருந்து உறவினர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் கடிதங்கள் போயிருந்தன. வாத்தியார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அவசரமாகப் பணம் வேண்டும் என்று. திருவள்ளூரில் கடை வைத்திருக்கும் மாணவர் ஒருவர் எட்டாயிரம் ரூபாய் அனுப்பிவிட்டார். பென்ஷனிலிருந்து அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மாணவர் வாங்க மறுத்துவிட்டார். அந்த மறுப்புதான் வாத்தியாருக்குப் பணம் போனதைவிட அதிகமாக வலித்தது. பதினோரு நாள் கழித்து மெயில் கைக்கு வந்தது. ஆனால் பன்னிரண்டு வருஷமாக மகன் எழுதிய கடிதங்கள் அதில் இல்லை; யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள்.

வாத்தியார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி" என்றார். எனக்கு வரும் ஜன்னலும் அவருக்கு வந்த ஜன்னலும் ஒன்றுதானா என்று பார்க்க நான் எழுந்து பன்னிரண்டு அடி நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. என் கதைகளை வாசகர்கள் மேலோட்டமாகப் படிக்கிறார்கள் என்று இருபது வருஷமாகக் குறைப்பட்டுக்கொண்டிருப்பவன் நான்.

இப்போது விமரிசனம்.

எனக்கு அடிக்கடி வரும் வாசகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் அதன் சாரம் இது: 'குரோம், உங்கள் சாவிக்கொத்தில் உள்ள குரோம் சேஃப் ஸ்டோரேஜ் என்பதில் வைத்திருக்கும் ரகசியத் தகவலைப் பயன்படுத்த விரும்புகிறது. இதை அனுமதிக்க, லாகின் சாவிக்கொத்தின் பாஸ்வேர்டைக் கொடுக்கவும்.' அதன் கீழே மூன்று பொத்தான்கள். எப்போதும் அனுமதி, மறுப்பு, அனுமதி.

கதை விமரிசனத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கதையைச் சொல்வது யார் என்பது. இங்கே 'குரோம் விரும்புகிறது' என்று யாரோ படர்க்கையில் சொல்கிறார்கள். குரோம் தானே பேசவில்லை. அதற்காக வேறொருவர் பேசுகிறார். அந்த வேறொருவர் கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டம். வீட்டுக் காவல்காரன் உள்ளே வந்து, 'வாசலில் குரோம் என்று ஒருவர் நிற்கிறார், பீரோச் சாவி வேண்டுமாம்' என்று சொல்வதற்குச் சமானம் இது. ஆனால் காவல்காரன் தான் காவல்காரன் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆகவே படிக்கிறவர்கள் குரோமே பேசுவதாக நினைக்கிறார்கள். அல்லது ஏதோ ஒன்று பேசுகிறது என்று விட்டுவிடுகிறார்கள். சொல்பவன் யார் என்று தெரியாத கதையில் வாசகனுக்கு யாரை நம்புவது என்றும் தெரியாது. இந்த எழுத்தின் முதல் குறை இது.

அடுத்தது சொற்கள். சாவிக்கொத்து என்ற சொல் நல்ல சொல். நம் வீடுகளில் அதற்கு ஒரு சரித்திரமே உண்டு. மாமியார் இடுப்பிலிருந்து மருமகள் இடுப்புக்குச் சாவிக்கொத்து மாறுவதற்குள் எத்தனையோ நாவல்கள் எழுதிவிடலாம். மாக் கம்ப்யூட்டரில் சாவிக்கொத்து என்பது பாஸ்வேர்டுகளையும் ரகசியங்களையும் பூட்டி வைக்கும் பெட்டி. 'லாகின்' என்பது அந்தக் கொத்துக்கு இட்ட பெயர், அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குள் நுழைய நாம் கொடுக்கும் பாஸ்வேர்டுதான் சாதாரணமாக அதற்கும் பாஸ்வேர்டு. இதைச் சொல்லியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். 'லாகின் சாவிக்கொத்தின் பாஸ்வேர்டு' என்றதும் அது ஏதோ தனியான ஒன்று, தனக்குத் தெரியாத ஒன்று என்று நினைத்து எத்தனை பேர் தங்கள் மெயில் பாஸ்வேர்டையும் பேங்க் பாஸ்வேர்டையும் போட்டுப் பார்த்திருப்பார்கள்!

'சேஃப் ஸ்டோரேஜ்' என்ற பெயர் இன்னும் மோசம். கேட்டால் நம் பாஸ்வேர்டுகள் எல்லாம் அதில்தான் இருப்பதாகத் தோன்றும். உண்மை அப்படியல்ல. குரோம் நமக்காக நினைவில் வைத்துக்கொள்ளும் பாஸ்வேர்டுகள் வேறொரு கோப்பில், யாருக்கும் புரியாதபடி பூட்டிய எழுத்தில் இருக்கின்றன. அந்தப் பூட்டைத் திறக்கும் ஒரே ஒரு சாவிதான் 'குரோம் சேஃப் ஸ்டோரேஜ்' என்ற பெயரில் சாவிக்கொத்தில் தொங்குகிறது. டிரங்குப் பெட்டி ஒரு அறையில், அதன் சாவி அம்மாவின் இடுப்பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சாவி கிடைத்தவன் கையில் பெட்டியும் இருந்தால், மெயில், பேங்க், கரண்ட் பில், ரயில் டிக்கெட் எல்லாம் அவனுடையவை. இவ்வளவு பெரிய சங்கதியை இந்த வாசகம் ஒரு 'தகவல்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. கதாநாயகியின் மரணத்தை ஒரு உபவாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அந்த ரகம்.

மூன்றாவது குறை, காரணம் சொல்லாதது. ஏன் இப்போது? நேற்று கேட்கவில்லையே? இதற்கும் விடை உண்டு. நாம் கம்ப்யூட்டருக்குள் நுழையும்போதே சாவிக்கொத்தும் திறந்துகொள்கிறது. எந்தச் சாவியை எந்தப் புரோகிராம் தொடலாம் என்று அது ஒரு ஜாபிதா வைத்திருக்கிறது. புரோகிராமின் டிஜிட்டல் கையெழுத்தை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது. கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை மறந்து வேறு வழியாக மாற்றியிருந்தால், சாவிக்கொத்துக்குப் பழைய பாஸ்வேர்டே நிற்கும். இரண்டும் பொருந்தாமல் கேள்வி வரும். புரோகிராமின் கையெழுத்து பழையதோடு ஒத்துப்போகாவிட்டாலும் வரும். ஜாபிதாவில் இல்லாத வேறொரு புரோகிராம் வந்து அந்தச் சாவியைக் கேட்டாலும் வரும். முதல் இரண்டும் வீட்டு மனிதர்களின் தொல்லை. மூன்றாவதில் சில சமயம் நியாயமும் உண்டு. குரோமில் உள்ள பாஸ்வேர்டுகளை வேறொரு பிரவுசருக்கு மாற்றும்படி நாமே சொன்னால், அந்த பிரவுசர் வந்து கேட்கத்தான் செய்யும். நாம் சொல்லாமல் ஒன்று கேட்டால் அது திருட்டு. இத்தனை வித்தியாசமான சந்தர்ப்பங்களுக்கும் ஒரே அச்சு வாக்கியம். மாறுவது பெயர் மட்டும். அந்தப் பெயரைத்தான் நாம் படிப்பதில்லை.

குறை சொல்லும்போது நிறையையும் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வி தொல்லையாக இருந்தாலும், கேட்கிறதே என்பது ஒரு காப்பு. விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் வெகு காலம் இப்படி ஒரு கேள்வியே கிடையாது. உபயோகிப்பவர் உள்ளே நுழைந்துவிட்டால், அவர் பெயரில் ஓடும் எந்தப் புரோகிராமும் பிரவுசரின் பூட்டைத் திறந்துகொள்ள முடிந்தது. அங்கே திருட்டுப் புரோகிராம்கள் செழித்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2024 ஜூலையில்தான், குரோமின் 127-ஆம் பதிப்பில், விண்டோஸிலும் அந்தச் சாவியைக் குறிப்பிட்ட புரோகிராமோடு பிணைக்கும் ஏற்பாட்டை கூகுள் கொண்டுவந்தது. அதையும் முதலில் குக்கி எனப்படும் நுழைவுச் சீட்டுகளுக்கு மட்டும். ஆகவே மோசமான நடையில் எழுதிய எச்சரிக்கையாக இருந்தாலும், எச்சரிக்கையே இல்லாததைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மோசமான நடைக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. அதைக் காப்பியடிப்பது சுலபம். 2023 ஏப்ரலில் 'அட்டாமிக்' என்ற பெயரில் மாக் கம்ப்யூட்டர்களுக்கென்றே ஒரு திருட்டுப் புரோகிராம் டெலிகிராமில் விலைக்கு வந்தது. மாத வாடகை ஆயிரம் டாலர் என்று விளம்பரம். அதன் வேலை முறையில் பூட்டை உடைக்கும் சாகசம் எதுவும் இல்லை. கம்ப்யூட்டரே கேட்பது போல ஒரு ஜன்னலைக் காட்டி, பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதை வைத்து சாவிக்கொத்தைத் திறக்கும். மறுத்தால் மறுபடி கேட்கும், சரியான பாஸ்வேர்டு கிடைக்கும் வரையில். இதைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது. வாத்தியார் ஒரு பழைய புஸ்தகத்தின் பக்கங்களைப் படம் பிடித்துக் கோப்பாகத் தைக்க வேண்டும் என்று இலவசப் புரோகிராம் ஒன்றை இறக்கியிருந்தார். அவர் கண்ட ஜன்னல் அதிலிருந்து வந்தது. பெயர் கிடையாது, காரணம் கிடையாது; தொடர்ந்து நடக்க பாஸ்வேர்டு வேண்டும் என்று மட்டும் இருந்ததாம். அசலுக்கே பேச்சு சரியாக வராதபோது, போலி திக்கிப் பேசினால் யாருக்குச் சந்தேகம் வரும்?

கம்ப்யூட்டர் பாஸ்வேர்டின் கதையே, காட்டக் கூடாததை இயந்திரம் காட்டிவிட்ட கதைதான் என்று சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில், பெர்னாண்டோ கார்பட்டோ என்பவரின் தலைமையில், பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டை 1960-களின் தொடக்கத்தில் செய்தார்கள். ஒருவர் கோப்பை மற்றவர் பார்க்காமலிருக்க பாஸ்வேர்டு வைத்தார்கள். 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று, பாஸ்வேர்டுக் கோப்பையே அச்சடித்துத் தரும்படி கம்ப்யூட்டருக்கு விண்ணப்பம் போட்டார். அதுவும் அச்சடித்துக் கொடுத்துவிட்டது! 1966-ல் ஒரு பிசகினால், உள்ளே நுழைபவர்களுக்குக் காட்டும் அன்றாட அறிவிப்பின் இடத்தில் எல்லாருடைய பாஸ்வேர்டுகளும் வந்து நின்றன. கேட்டால் கொடுத்துவிடும் குணம் அன்று இயந்திரத்திடம் இருந்தது. இன்று இயந்திரம் கற்றுக்கொண்டுவிட்டது. அந்தக் குணம் நம்மிடம் தங்கிவிட்டது.

நம் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. 2019 அக்டோபர் 29-ஆம் தேதி கூடங்குளம் அணுமின் நிலையத்திலிருந்து ஒரு அறிக்கை வந்தது. நிலையத்தின் கட்டுப்பாட்டு ஏற்பாடுகள் வெளி வலையோடும் இன்டர்நெட்டோடும் இணைக்கப்படாதவை, அவற்றின்மீது கம்ப்யூட்டர் தாக்குதல் சாத்தியமில்லை என்பது அதன் சாரம். மறுநாள் அணுமின் கழகம் இன்னொரு அறிக்கை விட்டது. தீய புரோகிராம் காணப்பட்டது உண்மை. செப்டம்பர் 4-ஆம் தேதியே சர்ட்-இன் அமைப்பு தெரிவித்தது. நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட்டோடு தொடர்புள்ள வலையில் இருந்த ஒருவரின் கம்ப்யூட்டர்தான் பாதிக்கப்பட்டது என்று. 'டிட்ராக்' என்று அந்தப் புரோகிராமை ஆராய்ந்தவர்கள் அடையாளம் கண்டார்கள். விசைப்பலகையில் தட்டுவதைக் குறித்துக்கொள்வதும், பிரவுசரில் போய்வந்த இடங்களின் பட்டியலை எடுப்பதும் அந்த ரகத்தின் வேலைகள். இரண்டு அறிக்கைகளும் ஒன்றுக்கொன்று முரண் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். வார்த்தை வார்த்தையாகப் படித்தால் முரண் இல்லை. முதலாவது கட்டுப்பாட்டு ஏற்பாட்டைப் பற்றிப் பேசியது. நிர்வாகக் கம்ப்யூட்டர்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு வாக்கியம் எதைச் சொல்லவில்லை என்று கவனிப்பதும் படிப்புதான்.

தெளிவாகக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் இல்லாமலில்லை. 2023-ல் நிறைவேறிய தனிமனித டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரிடம் சம்மதம் கேட்கும் வாசகம் தெளிவான, எளிய மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வசதி தர வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழும் அதில் சேர்த்தி. அந்தச் சட்டம் ஆண், பெண் எல்லோரையும் 'அவள்' என்றே குறிப்பிடுகிறது என்பதையும் ரசித்தேன். சாவிக்கொத்து யார் இடுப்பில் இருக்கும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது! நிறுவனங்கள் நம் விவரங்களை வாங்குவதைப் பற்றிய சட்டம் அது. ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கும் இந்தச் சாவிக் கேள்வியைக் கட்டுப்படுத்த எழுதியதல்ல. இருந்தாலும் அளவுகோல் நல்ல அளவுகோல். அதை வைத்து அளந்தால் நம் இரண்டு வாக்கியம் தேறாது.

நான் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பேன் என்று முயன்று பார்த்தேன். 'நான் உங்கள் கம்ப்யூட்டர் பேசுகிறேன். குரோம் என்ற புரோகிராம் நீங்கள் சேமித்த எல்லா பாஸ்வேர்டுகளையும் திறக்கும் சாவியைக் கேட்கிறது. நீங்கள் இப்போது குரோமைத் திறக்கவில்லை என்றால் மறுத்துவிடுங்கள். மறுத்தால் சேமித்த எதுவும் அழியாது.' எழுதி முடித்ததும் எனக்கே பிடித்திருந்தது. வாத்தியாரிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "நல்லா இருக்கு தம்பி. ஆனா திருடனும் இதையே எழுதுவானே?" என்றார்.

அவர் சொன்னது சரி. நல்ல நடை நேர்மைக்கு அத்தாட்சி ஆகிவிடாது. ஜன்னலில் உள்ள எழுத்தை மட்டும் பார்த்து அசலையும் போலியையும் பிரிக்க முடியாது; ஜன்னலுக்கு வெளியிலும் பார்க்க வேண்டும். எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு சாவடி இருக்கிறது. குமணன்சாவடி, கரையான்சாவடி என்று சாலையில் அடுத்தடுத்து வருகின்றன. இப்போது அவற்றின் தலைக்குமேல் மெட்ரோ ரயில் பாலமும் போகிறது. வழிப்போக்கன் தங்கும் இடமும் சாவடிதான், சுங்கம் கேட்டு நிறுத்தும் இடமும் சாவடிதான். அங்கே வந்து நிற்பவனிடம் கேட்கக்கூடியவை மூன்று கேள்விகள். யார்? எதற்கு? இப்போது ஏன்? பெயரைப் படிக்க வேண்டும். எந்தச் சாவியைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குச் சற்று முன் நாம் என்ன செய்தோம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லாவிட்டாலும் மறுப்பு என்ற பொத்தானை அழுத்துவதில் நஷ்டமில்லை. சில தளங்களில் மறுபடி பாஸ்வேர்டு தட்டி நுழைய வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துத் திறந்து, பிரவுசரை மட்டும் நாமே திறந்தால், நியாயமான தேவையாக இருந்தால் கேள்வி திரும்ப வரும். அசலும் சில சமயம் இரண்டு மூன்று தடவை கேட்கும் என்பதால், எத்தனை தடவை கேட்டது என்பதை வைத்து எதையும் முடிவு செய்துவிடக் கூடாது.

'எப்போதும் அனுமதி' என்ற பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் தினம் உபயோகிக்கும், நமக்குத் தெரிந்த பிரவுசருக்கு அதைத் தருவதில் தவறில்லை. வேறு எதற்கும் அது கூடாது. கொடுத்தது தவறு என்று பின்னால் தெரிந்தால், வேறொரு கம்ப்யூட்டரிலோ போனிலோ முதலில் மெயிலின் பாஸ்வேர்டையும், பிறகு மற்றவற்றையும் மாற்ற வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். பிறருடைய பாஸ்வேர்டை மோசடியாக உபயோகிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இவற்றையெல்லாம் நான் கற்றுக்கொண்டது வாத்தியாரின் கடிதங்கள் போன பிறகு.

மொத்தத்தில் என் அபிப்பிராயம் இது. அந்த இரண்டு வாக்கியம் மோசமான எழுத்து. அதை எழுதியவர்கள் வாசகனை நினைத்து எழுதவில்லை. தங்களுக்குத் தெரிந்த பெயர்களைத் தங்களுக்குத் தெரிந்த வரிசையில் வைத்துவிட்டார்கள். ஆனால் அன்று சாயங்காலம் அதைவிட மோசமாக நடந்துகொண்டது வாசகன், அதாவது நான்.

போன வாரம் மறுபடியும் மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. எழுந்து போனேன். வாத்தியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வகுப்பில் செய்யுள் படிப்பது போல ஒவ்வொரு வார்த்தையாக உரக்கப் படித்தார். பெயர் குரோம். சாவி குரோமுடையது. சற்று முன் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்ததாகவும், கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை என்றும் சொன்னார். மறுப்பை அழுத்தினார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு இருவரும் திண்ணையில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டோம். மறுபடி திறந்து அவரே குரோமைத் தொட்டபோது, அதே கேள்வி வந்தது. இந்தத் தடவையும் முழுவதும் படித்துவிட்டுத்தான் பாஸ்வேர்டைத் தட்டினார்.